லெமினேட் பண்ணிய அட்டையும் வாசிக்காத பிள்ளையும்



கொஞ்சம் நீளமான பதிவு. சில பேருக்குக் கோபம் வரும், முக்கியமாக என்னைப் போன்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு. முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள். இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி நான்தான். அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

விஷயம் ஃபிளாஷ் காட். கல்வியியற் கல்லூரியில் அதை மின்னட்டை என்று படித்தோம். ஊரில் எல்லோருக்கும் ஃபிளாஷ் காட்தான்.

போன தவணை ஒரு உம்மா என்னைத் தேடி வந்தார். மகன் தரம் 2. கையில் ஒரு பை. பைக்குள் நூற்றுக்கு மேல் அட்டைகள். எல்லாம் கலர் பிறிண்ட், எல்லாம் லெமினேட், மூலைகூட வட்டமாக வெட்டியிருக்கிறது.

"ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் பழக்கிறன் டீச்சர். காட்டைக் காட்டினா எல்லாம் சொல்றான். புத்தகத்தக் குடுத்தா ஒண்டும் தெரியுதில்ல" என்றார்.

மகனைக் கூப்பிட்டு நானும் காட்டினேன். அணில், ஆடு, இலை, ஈட்டி எல்லாம் கடகடவென்று சொன்னான். ஔவையார் வந்தபோது "உம்மம்மா" என்றான். உம்மாவே சிரித்துவிட்டார். "அத மட்டும் எத்தின தரம் சொல்லிக் குடுத்தும் உம்மம்மா எண்டுதான் சொல்லுவான்."

பிறகு அதே அட்டைகளை எடுத்து, படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் காட்டினேன். அணில், சத்தமில்லை. ஆடு, சத்தமில்லை. பிள்ளை அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான்.

இரண்டு மாதமாக அவன் வாசித்தது படத்தை. கம்பு ஊன்றிய கிழவியைக் கண்டால் உம்மம்மா என்பதும் படத்தைச் சரியாக வாசித்ததுதான். அவனில் பிழையே இல்லை.

செலவு எவ்வளவு என்று கேட்டேன். மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டதாம். கொமினிகேஷன் கடையில் ஆளுக்கு ஆள் அதைத்தான் செய்கிறார்களாம்.

"ஏன், நீங்களே கையால எழுதியிருக்கலாமே?"

"எனக்கு எழுத்துச் சரியில்ல டீச்சர். நான் எட்டோட நிண்டுட்டன். வகுப்பு வட்ஸ்அப் குறூப்புல மத்தவங்க போடுற போட்டோவப் பாத்தா என்ட எழுத்தக் குடுத்தனுப்ப வெக்கமா இருக்கு."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கடைசி வசனம்தான்.

தன் பிள்ளைக்கு "உம்மா" என்று எழுதிக் காட்ட ஒரு உம்மாவுக்கு வெட்கம். அந்த வெட்கத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நாங்கள்தான். ஆசிரியர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் நியமனம் கிடைத்த வருடம், பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று, "247 எழுத்துக்கும் அட்டை செய்து திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்" என்று சொன்னவள் நான். கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் உபகரணம் நேர்த்தியாக இருந்தால்தான் பாராட்டு என்று பழகிய மனசு. அட்டைகள் வந்தன. பிறிஸ்டல் போட், மினுக்கத் தாள், பஞ்சு, மணி எல்லாம் ஒட்டி வந்தன. எது பிள்ளை செய்தது, எது ராத்தா செய்தது, எது கடையில் செய்தது என்று பார்த்த உடனேயே விளங்கும். அழகானவற்றைச் சுவரில் தொங்கவிட்டேன். அழகில்லாதவற்றை அலுமாரிக்குள் வைத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள், போட்டோ எடுத்தோம். வருட முடிவில் அலுமாரியைத் திறந்தால் பாதியை எலி அரித்திருந்தது.

அந்த அட்டைகளால் அந்த வருடம் ஒரு பிள்ளையாவது வாசிக்கப் பழகியதா? இல்லை. வாசித்த பிள்ளைகள் அட்டை இல்லாமலே வாசித்திருப்பார்கள். வாசிக்காத பிள்ளைகளின் அட்டைகள் அலுமாரிக்குள் கிடந்தன. அவர்களின் உம்மாமார் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்குப் பத்து வருடம் தேவைப்பட்டது.

இப்போது நேரடியாகச் சொல்கிறேன். ஃபிளாஷ் காட் நல்ல சாமான். ஆனால் எங்கள் ஊர்களில் அது வாசிப்புக்கு உதவும் சாமானாக இல்லாமல் கண்காட்சிச் சாமானாகிவிட்டது. கடை அட்டையிலும், கடையைப் பார்த்து வீட்டில் செய்யும் அட்டையிலும் மூன்று பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, படமும் சொல்லும் ஒரே பக்கத்தில். பிள்ளை புத்திசாலி. இலகுவானது எதுவோ அதைத்தான் பார்க்கும். யானையின் தும்பிக்கை பக்கத்தில் இருக்கும்போது "யா" வை ஏன் பார்க்க வேண்டும்?

இரண்டாவது, சொற்கள். ஈட்டி, ஐவர், எஃகு, ஔவையார். எங்கள் கரையோரத்துப் பிள்ளை ஈட்டியை எங்கே கண்டது? எஃகு என்றால் என்ன என்று எத்தனை வாப்பாமாருக்குத் தெரியும்? துவிச்சக்கரவண்டி என்று அட்டை சொல்கிறது, பிள்ளை "சைக்கிள்" என்கிறது. முச்சக்கரவண்டி என்று அட்டை சொல்கிறது, பிள்ளை "ஓட்டோ" என்கிறது. தெரியாத எழுத்தைத் தெரியாத சொல்லை வைத்துப் படிப்பிக்கிறோம். இரண்டு பூட்டு, ஒரு திறப்பும் இல்லை.

மூன்றாவது, 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கணக்குச் சரி. ஆனால் 247 அட்டையையும் வரிசையாகப் பாடமாக்கிய பிள்ளைக்கு வாசிக்க வராது. "ஆனா, ஆவன்னா" என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் பழகிய பிள்ளையிடம் "படம்" என்று எழுதிக் கொடுங்கள். "பானா, டானா, இம்" என்று சொல்லிவிட்டு நிற்கும். பெயர்களைக் கூட்டினால் சொல் வராது, சத்தங்களைக் கூட்டினால்தான் வரும்.

இன்னொன்று. தமிழில் ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் சத்தம் மாறும். "உப்பு" விலும் "பாம்பு" விலும் கடைசி எழுத்து ஒன்றுதான், வாயில் வரும் சத்தம் வேறு. இதைத் தனி எழுத்து அட்டை எந்தக் காலத்திலும் சொல்லித் தராது. சொல்லுக்குள் வைத்துத்தான் பிள்ளை பிடிக்கும்.

நியூசிலாந்தில் சில்வியா அஷ்டன் வோனர் என்று ஒரு ஆசிரியை இருந்தார். மவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். 1963இல் "டீச்சர்" என்ற பெயரில் அவருடைய புத்தகம் வந்தது. வெளியிலிருந்து வந்த வாசிப்புப் புத்தகங்களின் வீடும் பேச்சும் அந்தப் பிள்ளைகளின் வீடும் பேச்சும் அல்ல என்று அவர் கண்டார். அதனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று கேட்டார். பிள்ளை சொன்ன சொல்லைத் தடித்த அட்டையில் பிள்ளையின் கண்முன்னே எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் எல்லா அட்டைகளையும் கலந்து போட்டால் பிள்ளைகள் தங்கள் சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். பிள்ளைக்கு அடையாளம் தெரியாத சொல் அவனுக்கு முக்கியமில்லாத சொல். அதை விலக்கிவிடுவார். பயம், பாசம், வீட்டு ஆட்கள், இப்படி மனசுக்குள் கிடக்கும் சொற்கள்தான் ஒரு பார்வையில் பதிந்தன என்று எழுதியிருக்கிறார்.

லெமினேட் மெஷினே இல்லாமல் செய்த வேலை அது.

எங்கள் பிள்ளைகளின் மனசுக்குள் கிடக்கும் சொற்கள் என்ன? உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா, பெருநாள், பாண், தோணி, ரொட்டி. கடை அட்டையில் இவற்றில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். செலவு ஒரு மாக்கர் பேனை மட்டும்.

அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய கலண்டரின் பின்பக்கம், சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, வீட்டில் குவிந்து கிடக்கும் கலியாணக் காட். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்ட நாடு இது. அதை மறந்துவிட்டு மினுக்கத் தாள் கேட்கிறோம்.

முதல் நாள்: பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல் கேளுங்கள். நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம். பிள்ளை என்ன சொன்னாலும் அதைப் பெரிதாக எழுதுங்கள், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எழுத எழுதச் சத்தத்தைச் சொல்லுங்கள். "உ... ம்... மா." எழுத்தின் பெயர் வேண்டாம், சத்தம் மட்டும். படம் வேண்டுமென்றால் பிள்ளையே அட்டையின் பின்பக்கத்தில் கீறட்டும். முன்பக்கத்தில் சொல் மட்டும். வாசித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால் சரியா பிழையா என்று அவனுக்கே விளங்கும்.

ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். அடுத்த நாள் பழைய அட்டைகளை முதலில் காட்டுங்கள். மூன்று குவியல் வையுங்கள்: உடனே சொன்னது, யோசித்துச் சொன்னது, தெரியாதது. உடனே சொன்னதை பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக் கிழமைக்கு ஒரு தரம் எடுங்கள். யோசித்ததை நாளைக்கும் காட்டுங்கள். தெரியாததற்காக ஏசவேண்டாம். இரண்டு மூன்று நாளும் தெரியாவிட்டால் அந்த அட்டையை எடுத்துவிட்டு வேறு சொல் கேளுங்கள்.

ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். பிள்ளை "இன்னும் ஒண்டு" என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். நித்திரை தூங்கும் பிள்ளையை இருத்தி வைத்து, அட்டையைக் காட்டிக் காட்டி அடிக்கிற வீடுகளும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அட்டையைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். வாசிப்பைக் கண்டாலும் பிறகு அப்படித்தான்.

பத்துச் சொல் சேர்ந்த பிறகு எழுத்து அட்டைக்கு வாருங்கள். இதுதான் பலர் விடும் இடம். சொல்லை முழுசாக அடையாளம் கண்டால் மட்டும் போதாது. அப்படியே விட்டால் நூறு சொல்லைப் பாடமாக்குவான், நூற்றியோராவது சொல்லில் நிற்பான். அவனுக்குத் தெரிந்த சொல்லை உடைத்துக் காட்ட வேண்டும்.

ஒரு உதாரணம். "உம்மா", "வாப்பா" இரண்டும் அவனுக்குத் தெரியும் என்று வையுங்கள். சின்ன அட்டைகளில் இவற்றை எழுதுங்கள்: உ, ம், ப், வா, மா இரண்டு, பா இரண்டு. இதோடு புதிதாக ஒன்று: பு. மொத்தம் 9 அட்டை.

இந்த 9 அட்டையால் உம்மா, வாப்பா மட்டுமா வரும்? மாமா வரும். பாப்பா வரும். வாம்மா வரும். உப்பு வரும். பாம்பு வரும். "மாமா வா" என்று வசனமே வரும். ஒரு பிள்ளை என் வகுப்பில் "பாம்பு வா" என்று வைத்துவிட்டு அரை மணித்தியாலம் சிரித்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகக் கூட்டி வாசித்த முதல் வசனம் அது.

247 அட்டை செய்யாத வேலையை 9 அட்டை செய்கிறது.

இரண்டு கவனம். தமிழில் ு, ூ எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். கு, சு, டு, து, பு, மு எல்லாவற்றையும் பாருங்கள், ஒரே குறியை வெட்டி ஒட்ட முடியாது. அதனால் அவற்றை முழு எழுத்தாகவே அட்டையில் எழுதுங்கள். அடுத்தது கெ, கே, கொ போன்றவை. குறி முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகப் பழகிய பிள்ளை இதில் தடுமாறுவது இயற்கை. "மொக்கன்" என்று ஏசாதீர்கள். "கொ" வை ஒரே அட்டையாக எழுதி, "கொய்யா" என்று அவன் தின்னும் சாமானோடு சேர்த்துக் காட்டுங்கள்.

கடைசியாக, அட்டையோடு நிற்க வேண்டாம். அதே சொல்லைக் கடைப் போட்டில் தேடச் சொல்லுங்கள், பஸ்ஸில் தேடச் சொல்லுங்கள், பாடப் புத்தகத்தில் தேடச் சொல்லுங்கள். தினமும் ஒரு கதையாவது வாசித்துக் காட்டுங்கள். தனிச் சொல்லை மட்டும் வாசிப்பவனை வாசிப்பவன் என்று சொல்ல முடியாது. புத்தகத்துக்குப் போக அட்டை ஒரு படி, அவ்வளவுதான்.

இனி எனக்கு வரப்போகும் பதில்களுக்கு முன்கூட்டியே பதில்.

"உம்மா, வாப்பா, சைக்கிள் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால் பிள்ளை நல்ல தமிழ் எப்போது படிக்கும்?" நல்ல தமிழைப் பாடப் புத்தகம் படிப்பிக்கும், நானும் படிப்பிப்பேன். பதினொரு வருடம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் துவிச்சக்கரவண்டியைப் படிப்பிக்க ஒரு நாள் போதும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதுவும் ஒரு படம்தான். அதோடு, "உம்மா" எப்போதிருந்து கெட்ட தமிழ் ஆனது?

"போனில் ஆப் இருக்கிறதே, ஏன் கையால் எழுத வேண்டும்?" ஆப்பில் உங்கள் பிள்ளையின் மூன்று பெண்கள் கொண்ட வீட்டுச் சொல் இல்லை, அவன் காக்காவின் பெயர் இல்லை. பிள்ளை பிழை விட்டால் எங்கே பிழை விட்டான் என்று பார்த்துச் சொல்ல மடியும் இல்லை.

"சின்ன வயதிலேயே தொடங்கினால் நல்லதுதானே, யூரியூபில் ஒன்றரை வயதுப் பிள்ளை வாசிக்கிறதே?" கைக்குழந்தைக்கு அட்டை காட்டும் வேலை புதிதல்ல, கிளென் டோமன் என்பவர் 1964இலேயே அதற்குப் புத்தகம் எழுதிவிட்டார். 2014இல் அமெரிக்காவில் சூசன் நியூமனும் அவர் குழுவும் 9 முதல் 18 மாதம் வரையான 117 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிக்கு வீடியோவும் ஃபிளாஷ் காட்டும் புத்தகமும் கொண்ட வாசிப்புப் பொதியை 7 மாதம் கொடுத்தார்கள். 14 அளவீடுகளில் 13இல் இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம் கண்டது ஒன்றில் மட்டும்: பிள்ளை புதுச் சொற்களைப் படிக்கிறது என்ற பெற்றோரின் நம்பிக்கை. கடைக்காரர் விற்பது அந்த நம்பிக்கையைத்தான். கைக்குழந்தையோடு பேசுங்கள், பாடுங்கள், கதை சொல்லுங்கள். அட்டை நாலரை, ஐந்து வயதில் பிள்ளை எழுத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கத் தொடங்கியதும் போதும்.

"ஆங்கிலம்தான் முக்கியம், அதனால் ஏ ஃபோர் அப்பிள் அட்டை வாங்கினோம்." ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ்மூலத்தில் படிக்கும் பிள்ளை கணிதமும் சுற்றாடலும் இஸ்லாமும் தமிழில்தான் வாசிக்க வேண்டும். தான் பேசும் மொழியில் சத்தத்தைக் கூட்டப் பழகிய பிள்ளைக்கு மற்ற மொழியிலும் அந்த வேலை விளங்கும். ஓதப்பள்ளியில் காயிதாவை எழுத்துக் கூட்டி ஓதும் பிள்ளைக்குக் கூட்டும் வேலை ஏற்கெனவே தெரியும். அதே வேலையைத் தமிழிலும் செய்யவிடுங்கள்.

சக ஆசிரியர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். பெற்றோரிடம் அட்டை செய்து அனுப்பச் சொல்லாதீர்கள், பிள்ளையோடு இருந்து எழுதச் சொல்லுங்கள். வட்ஸ்அப் குறூப்பில் அழகான அட்டையின் போட்டோவைப் போட்டு "மாஷா அல்லாஹ், சூப்பர்" என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்து உம்மாமாரின் கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மேற்பார்வைக்கு வருபவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், அழுக்குப் பிடித்து மூலை மடங்கிய அட்டையைக் காட்டுங்கள். அதுதான் பாவித்த அட்டை.

அந்த உம்மாவும் மகனும் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அன்றைக்கே ஒரு கலியாணக் காட்டைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். மகனிடம் "உனக்கு என்ன சொல் வேணும்?" என்று கேட்டோம். அணில் வேண்டும் என்று சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை, "கட்டார்" என்றான். வாப்பா அங்கேதான் வேலை செய்கிறார்.

உம்மா எழுதினார். கை நடுங்கியது. ட் இன் புள்ளி எங்கோ போனது, "டா" கொஞ்சம் சரிந்தது. மகன் பின்பக்கத்தில் ஒரு பிளேன் கீறினான். அடுத்த நாள் காலை, படத்தைக் காட்டாமல் எழுத்தை மட்டும் காட்டினேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்து வாசித்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று கதைவிட மாட்டேன். இன்றைக்கும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். கூட்டெழுத்து வந்தால் நிற்கிறான். ஆனால் புத்தகத்தில் சின்ன வசனங்களைத் தானாக வாசிக்கிறான். உம்மாவிடம் இப்போது அறுபது எழுபது அட்டை இருக்கிறது, எல்லாம் அவர் கையெழுத்து. மூவாயிரம் ரூபாய் அட்டைகள் பைக்குள்ளேயே இருக்கின்றன.

எழுத்துச் சரியில்லை என்று கடைக்குப் போகும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும்தான் இந்தப் பதிவு. உங்கள் எழுத்து போதும். இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு, பிள்ளை ஓதி முடித்ததும், ஒரே ஒரு சொல் கேட்டு எழுதிப் பாருங்கள். என்ன சொல் கேட்டது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.